சிமுலேஷன் ஒன்று சொல்கிறது, லைன் வேறொன்று செய்கிறது: எங்கே தேடுவது?

ஒரு ஷாஃப்ட் லைனை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் பக்கம் பம்ப் செய்கிற கம்பெனிகளில் இப்படி ஒன்று இல்லாமல் இருக்காது. அறுத்து வந்த கம்பி முதலில் ஃபேசிங், சென்டரிங், அப்புறம் சிஎன்சி டர்னிங், கீவே (சாவி உட்காரும் பள்ளம்) மில்லிங், கிரைண்டிங், கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன். ஷிப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்குப் பத்துப் பத்து, மிச்சம் 430. நாளைக்கு 100 ஷாஃப்ட் தேவை. 430-ஐ 100-ஆல் வகுத்தால் 4.3 நிமிடம், அதுதான் டாக்ட் டைம்: தேவையை ஈடுகட்ட இத்தனை நிமிடத்துக்கு ஒரு ஷாஃப்ட் வெளியே வர வேண்டும். இருப்பதிலேயே மெதுவான மிஷின் டர்னிங், ஒரு ஷாஃப்டுக்கு 3.8 நிமிடம். கணக்குப் போட வசதியாக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் எண்களை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

இந்த லைனில் கான்பான் (அடுத்த இடம் கார்டு அனுப்பிக் கேட்டால் மட்டும் செய்கிற முறை) வைக்கலாமா, செட்டிங் நேரத்தை (ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மிஷினை மாற்றும் நேரம்) குறைத்தால் என்ன ஆகும், ஒரே ஆபரேட்டரை இரண்டு மிஷினுக்குப் போடலாமா என்று தரையில் எதையும் நகர்த்துவதற்கு முன் கம்ப்யூட்டரில் பார்க்க நினைத்து மாடல் போட்டிருக்கிறீர்கள். அரீனாவோ, ஃப்ளெக்ஸ்சிமோ, பிளான்ட் சிமுலேஷனோ, காசில்லாமல் கிடைக்கிற சிம்பை, ஜாம்சிமோ, எதுவானாலும் சரி. வருகிற கோளாறுகள் எல்லாவற்றிலும் ஒன்றேதான்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு எண்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி 20 நாள் உற்பத்தி, நாள் வாரியாக. அப்புறம், ஒரு வாரம் தினமும் காலை ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு மிஷினுக்கும் முன்னால் எத்தனை ஷாஃப்ட் கிடக்கிறது என்று நீங்களே நின்று எண்ணிய எண்ணிக்கை. கம்ப்யூட்டர் ஸ்டாக் ரிப்போர்ட் வேண்டாம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கீழே உள்ள எதையும் சோதிக்க முடியாது.

மாடல் லைனைவிட அதிகமாகச் செய்கிறது

முதல் மாடல் போடுகிற எல்லோரும் மாட்டுகிற இடம். கம்பி குறையாமல் வருகிற மாதிரி விட்டால் மாடல் நாளைக்கு 113 என்கிறது. ரிஜிஸ்டரில் 92-ஐத் தாண்டிய நாளே குறைவு. 430-ஐ 3.8-ஆல் வகுத்துப் பாருங்கள், 113 வரும். அதாவது மாடல் எதையும் சிமுலேட் செய்யவில்லை, ஒரு வகுத்தல் கணக்கைக் கலர் கலராக ஓட்டிக் காட்டுகிறது.

முதலில் அந்த 3.8 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சிஎன்சி திரையில் தெரிகிற சைக்கிள் டைம் என்றால் அது கதவு மூடியதிலிருந்து புரோகிராம் முடிகிற வரைதான். ஒரு கதவு திறப்பிலிருந்து அடுத்த கதவு திறப்பு வரை, தொடர்ந்து 30 ஷாஃப்ட், ஸ்டாப் வாட்ச்சோடு நில்லுங்கள். நடுவில் ஆபரேட்டர் கொக்கியை எடுத்து ஷாஃப்டைச் சுற்றிக்கொண்ட சுருளை இழுத்துப் போடுவார். ஐந்து ஷாஃப்டுக்கு ஒருமுறை மைக்ரோமீட்டரில் அளந்து, ஆஃப்செட்டில் ஒரு புள்ளி கூட்டுவார். டிப் மழுங்கினால் திருப்பிப் போடுவார். இவை எல்லாம் அந்த 30 வரிசையில் அப்படியே விழும். "நல்லா ஓடின அஞ்சு பீஸ்" எடுத்து அவரேஜ் போட்டால் ஒன்றும் விழாது.

அடுத்தது ஆள். மாடலில் மிஷின்கள் தாமாகவே ஓடும். லைனில் டர்னிங்கையும் கீவேயையும் ஒருவரே பார்த்துக்கொள்வார். டர்னிங் முடிந்து கதவு திறந்து கிடக்கும், அவர் கீவேயில் கிளாம்ப் இறுக்கிக்கொண்டிருப்பார். ஆபரேட்டரையும் மாடலில் ஒரு ரிசோர்ஸாகப் போட்டால் இதுவரை கணக்கில் வராத நிமிடங்கள் நிறைய வெளியே வரும்.

மூன்றாவது, செட்டிங்குக்குப் பிறகு வரும் ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல். செட்டிங் நேரத்தை எல்லோரும் அளக்கிறார்கள். செட்டிங் முடிந்து முதல் ஷாஃப்டை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைத் தேடுகிற நேரத்தை யாரும் அளப்பதில்லை. மிஷின் அணைந்திருக்கும், ஆனால் பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் ஒரு வரி இருக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் இடைவெளி இருந்தால் ரிஜெக்‌ஷன், ரீவொர்க், கம்பி வராத நேரம் என்று போகலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எல்லா நேரத்தையும் 0.81-ஆல் வகுத்து 'எஃபிஷியன்சி' என்று பேர் வைப்பது. நான் செய்திருக்கிறேன். 92 என்று எண் அழகாக ஒத்துப்போனது, மேலே காட்டிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. அப்புறம் அதே மாடலில் இன்னொரு ஆபரேட்டரைச் சேர்த்துப் பார்த்தேன். பைசா பிரயோஜனம் இல்லை என்றது. இருக்காதா? ஆள் நடந்து வீணான நேரத்தை மிஷின் நேரத்துக்குள் நானே புதைத்து வைத்திருந்தேனே. அந்த வருடம் ஆள் போடவில்லை. அடுத்த வருடம் வேறு காரணத்துக்காக ஒருவரைப் போட்டபோது உற்பத்தி ஏறியது. நான் அந்தப் பக்கம் அதிகம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மாடல் லைனைவிடக் குறைவாகச் செய்கிறது

அபூர்வம். பெரும்பாலும் ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை எழுதியிருப்பீர்கள்: சின்னச் சின்ன நிறுத்தங்கள் சேர்ந்த நேரத்தைச் சைக்கிள் டைமாகப் போட்டு, அதன் மேல் பிரேக்டவுனிலும் அவற்றையே சேர்த்திருப்பீர்கள். இல்லையென்றால் சிஎன்சி நேரத்துக்கு எக்ஸ்பொனென்ஷியல் பரவலை (பல தடவை மிகக் குறைவு, சில தடவை மிக அதிகம் என்று ஆடுவது) கொடுத்திருப்பீர்கள். ஆள் வந்து சேர்வதற்கும் மிஷின் கெடுவதற்கும் அது பொருந்தலாம். புரோகிராம் போட்டு ஓடுகிற மிஷினின் நேரம் அவ்வளவு ஆடாது. நார்மல் பரவலும் உஷார். வால் பூஜ்யத்துக்குக் கீழே போய் ஷாஃப்ட் மைனஸ் நேரத்தில் முடியும்.

இன்னொன்றும் உண்டு. டீ நேரத்தில் மாடல் எல்லா மிஷினையும் நிறுத்தும். லைனில் ஆபரேட்டர் ஸ்டார்ட் பட்டனைத் தட்டிவிட்டுத்தான் டீக்குப் போவார்.

பிரேக்டவுன் சதவீதம் சரி, பஃபர் அளவு மட்டும் பொய்யாகிறது

மெயின்டனன்ஸ் ரிப்போர்ட்டில் "டர்னிங் 90 சதவீதம் கிடைக்கிறது" என்று ஒரே ஒரு எண் இருக்கும். மாடலில் அதைப் போடும்போது கெடுவதற்கு இடையே எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று இரண்டு எண் கேட்கும். 90 நிமிடம் ஓடி 10 நிமிடம் நின்றாலும் 90 சதவீதம்தான். 900 நிமிடம் ஓடி 100 நிமிடம் நின்றாலும் 90 சதவீதம்தான்.

கீவேக்கு முன்னால் 10 ஷாஃப்ட் பஃபர், அதாவது இடையில் காத்திருக்கும் கையிருப்பு, வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். டாக்ட் 4.3 நிமிடத்தில் 10 ஷாஃப்ட் 43 நிமிடத்துக்குத் தாங்கும். முதல் வகை நிறுத்தம் கீவேக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது வகையில், ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் 57 நிமிடம் கீவே பட்டினி. அதே சதவீதம், அதே பஃபர், முற்றிலும் வேறு லைன். பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் ஆரம்ப நேரமும் முடிவு நேரமும் தனித்தனியாக இருக்கிற பக்கங்களை மட்டும் எடுத்து இரண்டு எண்ணையும் பிரியுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தத்தை யாரும் எழுதுவதில்லை; அதற்கு ஒரு வாரம் மிஷின் மேலேயே ஒரு தாளை ஒட்டி, ஆபரேட்டரைக் கோடு போடச் சொல்ல வேண்டியதுதான்.

மாடலில் கெடுகிற கடிகாரம் எதை எண்ணுகிறது என்றும் பாருங்கள். சில சாஃப்ட்வேரில் டிஃபால்ட்டாக நாட்காட்டி நேரத்தை எண்ணும். பொருள் இல்லாமல் சும்மா நிற்கிற மிஷினும் மாடலில் கெட்டுக்கொண்டே இருக்கும். டூல் தேய்மானம், பெல்ட், கூலன்ட் மாதிரியானவற்றுக்கு ஓடிய நேரத்தை மட்டும் எண்ண வேண்டும்.

சரக்கு சேர்ந்துகொண்டே போகிறது

ஒரு மிஷினுக்கு முன்னால் வரிசை வளர்ந்து வளர்ந்து நிற்காமல் போகிறது. 10 நாள், 20 நாள், 40 நாள் என்று மூன்று ரன் விடுங்கள். வரிசை ஏறக்குறைய இரண்டு, நான்கு மடங்காகிறது என்றால் அந்த மிஷினுக்கு வருகிற வேலை அதன் திறனைவிட அதிகம். மாடல் உண்மையைத்தான் சொல்கிறது. வரிசையில் ஒரே வகை ஷாஃப்ட் மட்டும் தேங்கி நிற்கிறது என்றால் அது லாஜிக் தப்பு, பெரும்பாலும் ரூட்டிங் டேபிளில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும்.

ஏறி ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது, ஆனால் நம்ப முடியாத உயரத்தில் நிற்கிறது என்றால் பதற வேண்டாம். 1961-இல் ஜான் கிங்மன் கொடுத்த சூத்திரத்தின் சாரம் இது: மிஷின் எவ்வளவு நேரம் பிஸியாக இருக்கிறதோ அதை மிச்சமிருக்கும் நேரத்தால் வகுங்கள், காத்திருப்பு அந்த விகிதத்தில் ஏறும். 80 சதவீதத்தில் அது 4. 90-இல் 9. 95-இல் 19. நம் டர்னிங் 88 சதவீதத்தில் இருக்கிறது, ஏழுக்கு மேல். நாளைக்கு நாலைந்து ஷாஃப்ட் கூடுதலாகத் தள்ளினால் வரிசை ஏன் பூதமாகிறது என்பது இதில் புரியும். நேரங்களின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்தாலும் வரிசை குறையும். லீன் (வீணைக் குறைக்கும் உற்பத்தி முறை) ஆட்கள் சீராக ஓட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் கணக்கு இதுதான்.

உற்பத்தி ஒத்துப்போகிறது, லீட் டைம் ஒத்துப்போகவில்லை

இங்கே கொஞ்சம் நேரம் செலவிடலாம், லீன் வேலைக்கு உற்பத்தி எண்ணைவிட லீட் டைம்தான் முக்கியம். மாடலும் நாளைக்கு 92, லைனும் 92. மாடலில் ஷாஃப்ட் உள்ளே நுழைந்து வெளியே வர 2 நாள். லைனில் கேட்டால் "ஒரு வாரம் ஆகும் சார்".

ஜான் லிட்டில் நிரூபித்த விதி இருக்கிறது, அதுவும் 1961-தான். அதே ஆண்டில்தான் ஐபிஎம்மில் ஜெஃப்ரி கார்டனின் ஜிபிஎஸ்எஸ் என்ற சிமுலேஷன் மொழியும் வந்தது, நல்ல வருஷம். லைனில் கிடக்கும் சரக்கு என்பது, நாளைக்கு வெளியேறுவதை லீட் டைமால் பெருக்கியது. அவ்வளவுதான் விதி. நீங்கள் காலையில் எண்ணியது 460 ஷாஃப்ட் என்றால், 92-ஆல் வகுக்க 5 நாள். மாடல் 2 நாள் என்றால் அதற்குள் 184 ஷாஃப்ட்தான் இருக்க முடியும். ஆக 276 ஷாஃப்ட் மாடலில் இல்லை. எங்கே?

என் அனுபவத்தில் மூன்று இடங்கள். ஒன்று, டிராலி. மாடலில் ஷாஃப்ட் ஒவ்வொன்றாக அடுத்த மிஷினுக்குத் தாவும். தரையில் டிராலி நிறைகிற வரை யாரும் தள்ள மாட்டார்கள். இரண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காத்திருப்பதும் ரீவொர்க் குவியலும். "அது நம்ம கணக்கில் வராது" என்று எல்லோரும் சொல்கிற குவியல். மூன்று, ராத்திரி. சில மாடல்கள் ஷிப்ட் முடிந்ததும் லைனைக் காலி செய்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கும். நிஜத்தில் பாதி வேலை தரையில் தூங்கும்.

அவரேஜும் ஒத்துப்போன பிறகு, சில ஷாஃப்ட் மட்டும் ஏன் அவ்வளவு நாள் கழித்து வருகிறது என்று ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தால் சாக்பீஸ் எடுங்கள். ஒரு லைனில் நான் ஒவ்வொரு பின் (ஷாஃப்ட் போட்டு வைக்கும் பெட்டி) மேலும் வந்த தேதியைச் சாக்பீஸால் எழுதி வைத்தேன். கிரைண்டிங் ஆபரேட்டர் எப்போதும் கைக்கு எட்டுகிற முன் வரிசைப் பின்னைத்தான் எடுத்தார். சுவர் ஓரம் இருந்த ஒரு பின் பதினோரு நாள் அசையவில்லை. மாடலில் முதலில் வந்தது முதலில் போகும். தரையில் கடைசியில் வந்தது முதலில் போயிற்று. அவரேஜ் அதனால் மாறாது, பரவல் பயங்கரமாக விரியும். மாடலில் வரிசை விதியை மாற்றினேன், எண்கள் உட்கார்ந்தன. அதைவிட முக்கியமாக, பின்பக்கம் ஏற்றி முன்பக்கம் எடுக்கிற சாய்வு ரேக் ஒன்றைச் செய்தோம். அதற்கு சிமுலேஷனே தேவைப்படவில்லை.

கான்பான் போட்டதும் மாடல் உறைந்துபோகிறது

கடிகாரம் ஓடுகிறது, எதுவும் நகரவில்லை. ஒவ்வொரு மிஷினின் நிலையையும் எழுதுங்கள்: வேலை செய்கிறதா, பொருள் இல்லாமல் பட்டினியா, முடித்ததை வைக்க இடமில்லாமல் அடைப்பா? ஒரு மிஷின் அடைப்பு, அதற்கு அடுத்தது பட்டினி என்று வந்தால் டெட்லாக், ஒன்றுக்காக ஒன்று காத்து யாரும் நகர முடியாத நிலை.

அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஏ, பி என்று இரண்டு வகை. பேச்சுக்குக் கீவேயை மறந்துவிடுங்கள். டர்னிங்குக்கும் கிரைண்டிங்குக்கும் நடுவே 6 பின் கொள்ளும் ரேக். டர்னிங் ஆறையும் ஏ-யால் நிரப்பிவிட்டது. அசெம்பிளியிலிருந்து பி-க்குக் கார்டு வருகிறது. கிரைண்டிங் பி-க்காகக் காத்திருக்கிறது. டர்னிங்கில் முடிந்த இன்னொரு ஏ பின், வைக்க இடமில்லை. அது நகராமல் பி தொடங்காது. எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்கிறார்கள்.

தரையில் இது ஒருநாளும் நடக்காது, ஏனென்றால் ஆபரேட்டர் பின்னைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அதனால் "மாடல் பக்" என்று தள்ளிவிடாதீர்கள். நடைபாதையில் கிடக்கும் பின்கள் எல்லாம் இந்த டெட்லாக்கின் தரை வடிவம்தான்.

கார்டு எண்ணிக்கையைக் கையால் போடுங்கள். நாள் தேவையை நிரப்பும் நேரத்தால் பெருக்கி, கொஞ்சம் பாதுகாப்பு சேர்த்து, பின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். ஏ நாளைக்கு 60, நிரப்ப அரை நாள், பாதுகாப்பு 20 சதவீதம், பின்னுக்கு 10: 3.6, அதாவது 4 கார்டு. பி நாளைக்கு 40: 2.4, அதாவது 3. மொத்தம் 7. ரேக்கோ 6. இந்தக் கணக்கை மாடலில் பத்து நாள் தேடிய பிறகு தரைக்குப் போனேன். கிரைண்டிங்கில் இருந்தவர், "அந்த ரேக் பத்தாதுங்க சார், நாந்தான் வந்த அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அடைத்தால், கார்டு எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். பின்னில் முதல் ஷாஃப்டை எடுத்ததும் திரும்ப வேண்டும் என்று தரையில் விதி வைத்துவிட்டு, மாடலில் பின் காலியானதும் என்று எழுதியிருந்தால் ஒரு பின்னை நீங்களே முழுங்கிவிட்டீர்கள்.

ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு பதில்

நேற்று இந்த மாற்றம் லாபம் என்றது, இன்று நஷ்டம் என்கிறது. ஒரே ரன்னை நம்பியதுதான் கோளாறு. பத்து ரன் விடுங்கள். சராசரி 94, ரன்னுக்கு ரன் திட்ட விலக்கம் 4 என்றால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 94-க்கு இருபக்கமும் சுமார் 2.9. புதிய ஏற்பாடு 96 என்று வந்தால் அது முன்னேற்றமா, ராண்டம் எண்ணின் குறும்பா என்று சொல்ல முடியாது.

ரன்னைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் மலிவான வழி ஒன்று. பழைய ஏற்பாட்டுக்கும் புதியதற்கும் ரன் வாரியாக ஒரே சீடை (ராண்டம் எண் வரிசையைத் தொடங்கி வைக்கும் எண்) கொடுங்கள். இரண்டிலும் அதே நாளில் அதே மிஷின் கெடும். பிறகு வித்தியாசங்களை மட்டும் எடுங்கள். வித்தியாசத்தின் விலக்கம் 1.2 ஆகக் குறைந்தால் இடைவெளி சுமார் 0.9. இப்போது அந்த 2 ஷாஃப்ட் முன்னேற்றத்தைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் டர்னிங் நேரத்துக்கு ஒன்று, பிரேக்டவுனுக்கு ஒன்று என்று ராண்டம் ஓடைகளைப் பிரித்து வைத்திருந்தால்தான் இது வேலை செய்யும்.

காலி லைனோடு தொடங்குகிற முதல் சில நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். எத்தனை நாள் என்பதற்கு, தினசரி சரக்கை வரைந்து கோடு எங்கே படுக்கிறது என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

செட்டிங் நேரத்தைக் குறைத்தும் மாடல் அசையவில்லை

டர்னிங்கில் செட்டிங் 60 நிமிடத்திலிருந்து 20 ஆக இறங்கிவிட்டது. செட்டிங் நேரத்தைக் குறைக்கும் முறையை வகுத்த ஷிகேயோ ஷிங்கோ வைத்த இலக்கு பத்து நிமிடத்துக்குள், அது பிறகு. மாடலில் லீட் டைம் பெயருக்குத்தான் குறைகிறது. காரணம், பேட்ச் அளவை (ஒரு செட்டிங்கில் தொடர்ந்து செய்கிற எண்ணிக்கை) அப்படியே 100 ஆக விட்டிருக்கிறீர்கள். சேமித்த 40 நிமிடம் மிஷின் சும்மா நிற்பதில் போகிறது.

100 ஷாஃப்டுக்கு 60 நிமிடம் என்றால் ஷாஃப்டுக்கு 0.6 நிமிடம். 20 நிமிட செட்டிங்கில் 33 ஷாஃப்ட் பேட்ச் போட்டாலும் அதே 0.6. மிஷினுக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதல் சுமை இல்லை. ஆனால் 100 பேட்ச்சில் முதல் ஷாஃப்ட் தன் கூட்டம் முடிய 380 நிமிடம் காத்திருந்தது, இப்போது 125 நிமிடம். பேட்ச்சை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால், முட்டுக்கட்டை கிரைண்டிங்குக்கு நகர்ந்திருக்கிறது.

மாடல் சரி, மாதக் கடைசியில் கான்பான் செத்துப்போகிறது

மேலே உள்ள எல்லாம் சரி செய்தாயிற்று. மாடலும் லைனும் மூன்று வாரம் கைகோத்து நடந்தன. 23-ஆம் தேதி வாக்கில் ரேக் காலி, கார்டுகள் டப்பாவில், எல்லோரும் பழையபடி ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எடுங்கள். முதல் 10 நாள் 60, அடுத்த 8 நாள் 90, கடைசி 7 நாள் 170. கூட்டினால் 2510, நாளைக்கு 100-தான். மாடலில் நீங்கள் போட்டது அந்த 100. டர்னிங் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் 113-ஐத் தாண்டாது என்று முதலிலேயே பார்த்தோம்.

சராசரியை எடுத்துவிட்டு, கடைசி மூன்று மாத ஆர்டர்களைத் தேதியோடு அப்படியே மாடலுக்கு ஊட்டுங்கள். ரேக் எந்த நாளில் காலியாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு ரன். ஒன்றில், முதல் பத்து நாளில் சும்மா இருந்த நேரத்தில் அதிகம் போகிற வகைகளை மட்டும் முன்கூட்டிச் செய்து வைப்பது. இன்னொன்றில், சேல்ஸ் ஒத்துக்கொண்டால் ஆர்டரை வாரம் வாரமாகப் பிரித்து விடுவது. முதலாவதில் கையிருப்பு எவ்வளவு ஏறும் என்று ரூபாயில் எழுதுங்கள். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு சேல்ஸ் மேனேஜரிடம் போகும்போது அனிமேஷனைக் காட்ட வேண்டாம், 23-ஆம் தேதியை மட்டும் காட்டுங்கள். நான் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீலர் ஸ்கீம் மாசம் 25-ந்தேதி முடியுதுங்க, அதான்" என்றார். அந்த வரி எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.